வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டாய்?

மார்ச் 13, திங்கள்

காலை இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் ஒரு கரண்டி சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். சாயங்காலம் சர்க்கரை இல்லாத காபி. அதையெல்லாம் காபி என்று சொல்லக்கூடாது.

சர்க்கரை டாக்டர் கேட்டது இவ்வளவுதான். "முசே தைரியநாதன், வாயில போடுறது அத்தனையும் எழுதுங்க. ஒளிக்காம எழுதுங்க" என்றார். பிரான்ஸில், லியோன் நகரப் போலீஸின் குற்றப்பிரிவில் முப்பது வருஷம், ஊரார் ஒளித்ததையெல்லாம் வாக்குமூலமாக வாங்கியவன் நான். ஓய்வு பெற்றுப் பிறந்த ஊரான புதுச்சேரிக்கு வந்து, இப்போது அவரைக்காய்க்கு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிறேன். செலினுக்கு ஒரே சிரிப்பு. "கொலைகாரனையெல்லாம் புடிச்சீங்க, இந்த நாக்கைப் புடிக்க முடியலயே" என்கிறாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வாய்தான்.

பேனாவைக் கையில் எடுத்தால் எனக்குச் சாப்பாட்டோடு நிற்காது போலிருக்கிறது. இன்று இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வீட்டுக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் தனியாகக் குடியிருந்த பிரெஞ்சுக்கார அம்மாள், மதாம் ஒதில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனாள். சனிக்கிழமை காலை வேலைக்கு வந்த அஞ்சலை பார்த்து அலறியிருக்கிறாள். கழுத்தில் கீறல் இருக்கிறதாம். எப்போதும் போட்டிருக்கும் தங்கச் சங்கிலியைக் காணவில்லையாம். பிரான்ஸில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகளோடு பேச ஆள் வேண்டும். "நீங்க கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும் சார்" என்றார் தணிகாசலம்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். செலின் உள்ளிருந்தபடியே, "சட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், போட்டுக்குங்க" என்றாள்.

மார்ச் 14, செவ்வாய்

காலை தோசை இரண்டு. மதியம் சாப்பாடு தாமதம், இரண்டு வாழைப்பழம்.

மதாம் ஒதில் வீட்டுக்குப் போனேன். ரொட்டிக் கடையில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் பழக்கம். எழுபது வயதிருக்கும், ஒல்லி, வெயிலுக்கு வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு மெதுவாக நடப்பாள். வீடு சுத்தமாக இருந்தது. பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் மகளிடம் போனில் பேசினேன். பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது அந்தப் பெண். மாதக் கடைசியில் ஒரேயடியாக பிரான்ஸுக்கே திரும்பி வருவதாக ஒதில் சொல்லியிருந்தாளாம்.

சமையலறையில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருப்பதெல்லாம் இருந்தன. ஆலிவ் எண்ணெய், கடுகு விழுது, வினிகர். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியில் தாளிப்பு வடகம். ஜாடியின் வாயை நீலப்பூ போட்ட பழைய புடவைத் துணியால் கட்டியிருந்தது. செலினும் தன் வடக ஜாடியை அப்படித்தான் கட்டுவாள். அந்த மாதிரிப் புடவை புதுச்சேரியில் எத்தனையோ பேரிடம் இருக்கும்.

வரும் வழியில் தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் வாங்கினேன்.

மார்ச் 15, புதன்

காலை இட்லி. மதியம் மோர்ச்சாதம். ஒரு துண்டு கேக், இன்ஸ்பெக்டர் ரூமில். யாருக்கோ பிறந்த நாள். டாக்டர் மன்னிக்க வேண்டும்.

அஞ்சலையைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வைத்திக்குப்பத்துப் பெண், நாற்பது வயது, புருஷன் கோதண்டம் கடலுக்குப் போகிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அந்த வீட்டிலிருந்து இறங்கிப் போனதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். சங்கிலி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

நான் என் வழக்கப்படி ஒன்றுதான் கேட்டேன். லியோனில் என் கூட வேலை செய்தவர்கள் இதற்காக என்னைச் சமையல்காரன் என்று கேலி பண்ணுவார்கள். எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்றால் எவனும் முன்கூட்டியே தயார் செய்து வந்திருப்பான். என்ன சாப்பிட்டாய் என்றால் திகைத்துப்போவான். பொய் சொல்கிறவன் பதார்த்தத்தின் பெயரைச் சொல்லுவான், அதன் உப்பு காரத்தைச் சொல்ல மாட்டான். சாப்பிடாத சோற்றுக்கு ருசி எங்கிருந்து வரும்?

"வெள்ளிக்கிழமை ராத்திரி என்னம்மா சாப்ட்டே?"

"கருவாட்டுக் குழம்பு ஐயா. உப்பு கூடிப் போச்சு. ரெண்டு தடவ போட்டுட்டேன் போல. அவரு தட்டத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போயிட்டாரு."

வெளியே உட்கார்ந்திருந்த கோதண்டத்திடம் தனியாகக் கேட்டேன். "கருவாடு. வாயிலயே வைக்க முடியல" என்றான்.

எனக்கு அது போதும். திரும்பிப் போய், மதாம் வீட்டுக்கு யாராவது வந்து போவார்களா என்று கேட்டேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். "வூட்டு விசயம் வெளிய பேசக்கூடாதுன்னு மதாம் சொல்லியிருக்காங்க ஐயா."

"அவங்கதான் செத்துட்டாங்களேம்மா."

"செத்துட்டா மட்டும்? சொன்னது சொன்னதுதானே."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

மார்ச் 16, வியாழன்

காலை ஓட்ஸ் கஞ்சி. பசை மாதிரி.

தணிகாசலத்திடம் அஞ்சலை செய்யவில்லை என்று சொன்னேன். கருவாட்டுக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா கருவாட்டை நான் கோர்ட்டுல வைக்க முடியாதே" என்றார். அவர் சொல்வதும் சரிதான். சங்கிலியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் விட்டுவிடுகிறாராம். அஞ்சலையைக் காலாப்பட்டு ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பழைய மிடுக்கு இன்னும் போகவில்லை எனக்கு.

மார்ச் 17, வெள்ளி

தவக்காலத்து வெள்ளி. காலை ஒன்றும் இல்லை. மதியம் சோறு, முருங்கைக்கீரை. கறி மீன் கிடையாது.

கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து நானும் அத்ரியானும் பெத்தாங்க் குண்டு ஆடப் போனோம். அத்ரியான் செலினின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி ரெஜினா போய் ஆறு வருஷம். பிள்ளைகள் பாரிஸில். தினம் சாயங்காலம் மண் தரையில் இரும்புக் குண்டை உருட்டிக்கொண்டு, யாருடையது கிட்டே நிற்கிறது என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போடுவோம். அவனுக்குக் கை நல்ல குறி. இன்று ஒவ்வொரு குண்டும் எங்கெங்கோ போய் விழுந்தது.

"போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வரலயே மச்சான்" என்றேன்.

"உடம்பு முடியல மாமா. வூட்லயேதான் கெடந்தேன்."

"என்ன சாப்ட்டே?"

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய்ப்பழக்கம்.

"கோழிக் குழம்பு கொஞ்சம் மீந்திருந்துது. சூடு பண்ணிச் சாப்ட்டுட்டுப் படுத்துட்டேன்."

"காரமா இருந்துச்சா?"

"கோழி... கோழி மாதிரிதான் இருந்துச்சு. ஏன் மாமா?"

"சும்மாதான்" என்றேன். அவன் குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த குண்டையே மறுபடியும்.

ஆப்பிரிக்காவில், ஜிபூத்தி ராணுவ முகாமில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை கறியைத் தொட மாட்டேன் என்று வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தவன் அத்ரியான். மற்ற சிப்பாய்கள் அவனைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். தவக்காலத்தில் முட்டை கூடச் சேர்க்க மாட்டான்.

மறந்து போய்ச் சாப்பிட்டிருப்பான். உடம்பு முடியாதவன்.

மார்ச் 18, சனி

சாப்பாடு எழுதவில்லை.

மார்ச் 20, திங்கள்

காலை இட்லி இரண்டு. மதியம் சோறு, ரசம். இரவு கோதுமை தோசை.

குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை. வாஷர் மாற்றியும் சொட்டுகிறது. பிளம்பர் வந்து, "குழாயே போயிடுச்சு சார், இத எத்தினி நாளைக்கு ஒட்ட வைப்பீங்க" என்றான். ஒட்டத்தான் சொன்னேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. மதாம் ஒதில் விழுந்தவுடன் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, ரொம்ப நேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள். யாராவது ஒரு குரல் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எழுதியிருக்கிறார் டாக்டர். எத்தனையோ அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இந்த ஒன்றை முடிக்க முடியாமல் மூடி வைத்தேன்.

குண்டு ஆடப் போகவில்லை. முழங்கால் வலி.

மார்ச் 22, புதன்

காலை உப்புமா.

அண்ணன் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். கிறிஸ்துமஸ் அன்று யாரோ எடுத்தது, ஒதில் அனுப்பியிருந்தாளாம். கழுத்தில் முறுக்குச் சங்கிலி, அதில் லூர்து மாதா பதக்கம். பதக்கத்தின் ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. போட்டோவில் ஒதில் சிரிக்கிறாள். எடுத்தவன் பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று கேட்க எனக்குப் போலீஸ் உத்தியோகம் வேண்டியதில்லை.

செலினிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெரியுதா?"

"நம்ம கோயிலுக்கு வர்ற பாதிப் பொம்பளைங்க இதத்தான் போட்டிருக்காங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. செலின் வீட்டில் பால் பொங்கி நான் பார்த்ததில்லை.

ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது, செத்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லுகிற இடத்தில், ரெஜினா பெயரைத் தாண்டிப் போய்விட்டாள்.

மார்ச் 25, சனி

காலை பூரி. தெரிந்தே சாப்பிட்டேன்.

கோதண்டம் எங்கள் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் வந்து உட்கார்ந்தான். கரை வந்து சேர்ந்ததும் நேரே வந்திருக்கிறான், லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை. காபி கொடுத்தனுப்பினேன், குடித்தான். "இன்ஸ்பெக்டரு சொன்னாரு, நீங்க அவ செய்யலன்னு சொன்னீங்களாம். அப்ப யாரு செஞ்சதுன்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே ஐயா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன்.

மார்ச் 29, புதன்

கோதண்டம் வந்தான். உட்கார்ந்தான். போனான்.

மார்ச் 31, வெள்ளி

சோறு, கீரை.

அஞ்சலையின் காவலை நீட்டித்துவிட்டார்கள். ஜெயிலில் யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாளாம். சங்கிலி விஷயம் என்ன ஆச்சு சார் என்று தணிகாசலம் போன் பண்ணினார். எனக்கு வயசாகிவிட்டது, முன்னைப் போல் மூளை ஓடவில்லை என்றேன். "அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று ஆறுதல் சொல்கிறார் அந்தப் பிள்ளை.

எனக்கு அத்ரியானைப் பிடிக்கும். அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. லியோனில் பனிக்காலத்தில் நான் நிமோனியாவில் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினவன் அவன். அவனுக்கு அறுபத்தாறு வயதாகிறது. ரெஜினா போனபிறகு அவன் சிரித்து நான் பார்த்தது இந்த இரண்டு வருஷமாகத்தான். எங்கேயிருந்து வந்தது இந்தச் சிரிப்பு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. துப்பறிகிறவனாம் நான்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

மதியம் மட்டன், இரண்டு துண்டு.

கோயிலில் குருத்தோலை வாங்கிக்கொண்டு வந்தோம். அத்ரியான் பாதி உடம்பாகிவிட்டான். செலின் அவன் கன்னத்தைத் தொட்டு, "வூட்டுக்கு வந்து சாப்புடு தம்பி" என்றாள். "பசிக்கலக்கா" என்றான். கோயில் வாசலில் கோதண்டம் நின்றுகொண்டிருந்தான். அவன் எங்கள் வேதக்காரன் கூட இல்லை. அத்ரியான் அவனைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தான்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், இன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். வருஷா வருஷம் நானும் அத்ரியானும் அந்தப் பன்னிரண்டில் உண்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டுவிட்டு, சாமியார் அவன் முன்னால் முழங்காலிட்டார். அத்ரியான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். சாமியார் கையை நீட்டினார். அவன் எழுந்து, வெறுங்காலோடு, கோயில் நடுவிலேயே நடந்து வெளியே போய்விட்டான். பாட்டு ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்தது.

அவனுடைய செருப்பை நான் எடுத்து வந்தேன். வாசலில் வைத்திருக்கிறேன். செலின் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், யாருடையது என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மதியம் கோயில் கஞ்சி, அரை டம்ளர்.

கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள். அத்ரியான் வரவில்லை. ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பை எடுத்தேன். செலின் கொஞ்சம் துவையல் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "அவன் தாங்க மாட்டான்" என்றாள்.

"எத?"

"பட்டினியத்தான் சொல்றேன்" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு திறந்தே இருந்தது. அத்ரியான் கூடத்தில், ரெஜினா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். செருப்பை அவன் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தேன். தொடவில்லை. நான் என்னென்னவோ பேச நினைத்துக்கொண்டு போனேன். அஞ்சலையைப் பற்றி, கோதண்டத்தைப் பற்றி. எதுவும் வரவில்லை. தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

"மச்சான், அன்னிக்கு வெள்ளிக்கிழமை என்ன சாப்ட்டே?"

என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணும் சாப்புடல மாமா."

அப்புறம் சொன்னான். ஒதிலுக்கும் அவனுக்கும் இரண்டு வருஷப் பழக்கம். அக்காவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், பிள்ளைகள் என்ன சொல்லும் என்று மறைத்தே வைத்திருந்தான். ரெஜினாவின் சங்கிலியை அவளுக்குப் போட்டுவிட்டிருக்கிறான். அன்று சாயங்காலம், ஊருக்குத் திரும்பிப் போகிறேன், உடம்பு இந்த வெயிலைத் தாங்கவில்லை என்று சொல்லிச் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்தாளாம். இவன் வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று மறுபடியும் அவள் கழுத்தில் போடப் போயிருக்கிறான். அவள் தலையைத் திருப்பினாள். சங்கிலி கழுத்தில் உரசியது. பின்னால் ஒரு அடி வைத்தாள். பின்னால் படி.

"நான் தள்ளல மாமா. சங்கிலியப் போட்டுவிடத்தான் போனேன்."

"தெரியும்."

"கீழ எறங்கிப் போய்ப் பாத்தேன். மூச்சே இல்ல. அப்பவே போயிட்டா. இருந்திருந்தா நான் விட்டுட்டு வந்திருப்பனா? அப்பவே போயிட்டா, இல்ல மாமா? அறிக்கையில அப்புடித்தானே போட்டிருக்கும்?"

"ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

ஒருநாள் கோர்ட்டில் வக்கீல் அதை வாசிப்பார். அதுவரைக்கும் அவன் தூங்கட்டும்.

அலமாரியிலிருந்து சங்கிலியை எடுத்து வந்து என் கையில் வைத்தான். பதக்கத்து ஓரம் மடங்கியிருந்தது. அஞ்சலைக்கு ஒரு பாவமும் தெரியாது என்றான். தினமும் போலீசுக்குப் போகச் சட்டை மாட்டுவானாம், தெருமுனை வரை போவானாம். "நாளைக்கு நீங்க கூட வருவீங்களா மாமா?"

வருகிறேன் என்றேன். சாயங்காலம் இருவருமாகக் கோயிலுக்குப் போய்ச் சிலுவையை முத்தமிட்டோம். அவன் வெகு நேரம் குனிந்தபடியே இருந்தான், பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் 8, சனி

கொண்டுபோய் விட்டேன். தணிகாசலம் எழுந்து நின்று அவனுக்கு நாற்காலி போட்டார். அதற்காக நான் அந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செலினிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள். "போட்டோ பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

விடத்தான் பார்த்தேன் என்று சொல்ல வந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

மட்டன் பிரியாணி. எனக்கு மட்டும் பரிமாறினாள்.

ஏப்ரல் 12, புதன்

காலை இட்லி.

அஞ்சலையை விட்டுவிட்டார்கள். ஜெயில் வாசலில் கோதண்டம் நின்றிருந்தான், நான் தள்ளி நின்றேன். அவள் என்னிடம் வந்து, "நான் சொல்லல ஐயா. நீங்களா கண்டுபுடிச்சிக்கிட்டீங்க. நாளைக்கு மேல போயி மதாம்கிட்ட அப்புடித்தான் சொல்லணும்" என்றாள். என் மச்சான் வருவதும் போவதும் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். கோதண்டம் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அதை மட்டும் அவன் செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 21, வெள்ளி

காலை இரண்டு இட்லி. மதியம் சோறு, சாம்பார், பீன்ஸ். டாக்டர் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று பாராட்டினார்.

காலாப்பட்டுக்குப் போய் அத்ரியானைப் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரையும் பார்க்க வேண்டாம் என்கிறான். வருகிற சோற்றை அப்படியே திருப்பி அனுப்புகிறானாம், வார்டர் சொன்னார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். செலின் இந்த இரண்டு வாரமாகச் சோறு போடுவாள், பேச மாட்டாள். இன்று சாம்பாரை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"தம்பி சாப்ட்டானா?"

"சாப்ட்டான்."

"என்ன சாப்ட்டான்?"

"சாம்பார் சாதம். முட்டைக்கோஸ். நல்லா சாப்ட்டான்."

கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். அவள் என்னோடு லியோனில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள்.

"உப்பு சரியா இருந்துச்சாமா?" என்றாள்.